லே சாலை: இரவு எங்கே படுப்பது என்பதே திட்டம்

பைக்கில் லடாக்கின் லே நகருக்குப் போக விரும்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த வண்டி எடுக்கலாம் என்பது. அடுத்தது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் என்பது. இரண்டும் வேண்டாத கேள்விகள் அல்ல. ஆனால் அந்தச் சாலையில் உடம்பு ஒத்துழைக்குமா, படுத்துமா என்பதை இவை தீர்மானிப்பதில்லை. ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுக்கிறோம், மறுநாள் காலை எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம் என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. இருக்கை, உடை, பெட்ரோல், சாமான் எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வருபவை.

மணாலியிலிருந்து லே சுமார் 430 கி.மீ.; ஏறக்குறைய சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும் தூரம். தூரத்தை மட்டும் பார்ப்பவர் இதை ஒரு நாள் வேலை என்று நினைப்பதில் வியப்பில்லை. உயரத்தை எழுதிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கி.மீ. நீள அடல் சுரங்கப் பாதை, ரோதாங் கணவாயின் ஏற்றத்தை மிச்சப்படுத்தி நம்மை லாஹௌல் பள்ளத்தாக்கில் இறக்கிவிடுகிறது. கீலாங் 3,100 மீட்டர் அளவில் இருக்கிறது. அதன் பிறகு பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்) கிட்டத்தட்ட 4,900, சர்ச்சு 4,300, லாச்சுலுங் லா 5,000-க்கு மேல், பாங் 4,600, தங்லாங் லா 5,300-க்கு மேல். அதற்கப்புறம்தான் 3,500 மீட்டரில் இருக்கும் லேவுக்கு இறக்கம். தங்லாங் லாவின் உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம்.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் வழிகாட்டுதல். பகலில் எவ்வளவு உயரத்துக்கு ஏறி இறங்கினாலும் படுக்கும் உயரம்தான் கணக்கு. மணாலியிலிருந்து கிளம்புகிறவர்களின் வழக்கமான திட்டமோ முதல் இரவு கீலாங் அல்லது அதை அடுத்த ஜிஸ்பா, இரண்டாம் இரவு சர்ச்சு என்று இருக்கிறது. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப் படுக்கச் சொல்லும் திட்டம் அது. சர்ச்சுக் கூடாரத்தில் அந்த இரவு எப்படிப் போகும் என்பது அங்கே படுத்தவர்களுக்குத் தெரியும். மாலையில் பின்மண்டையில் லேசாகத் தொடங்கும் வலி, சாப்பிட உட்காரும்போது நெற்றிக்கு வந்துவிடும். தட்டில் வைத்த சோறும் ராஜ்மாவும் அப்படியே இருக்கும். இரண்டு கனத்த ரஜாய்களை இழுத்துப் போர்த்திக் கண் அயர்ந்த சற்று நேரத்தில், யாரோ மூச்சைப் பிடித்து நிறுத்தியதுபோல் திடுக்கிட்டு விழித்து வாயால் காற்றை இழுக்க வேண்டியிருக்கும். அந்த உயரத்தில் தூங்கும்போது மூச்சு விட்டுவிட்டு வருவது இயல்புதான். ஆனால் இப்படி இரவெல்லாம் விழித்துக் கிடந்தவர்தான் மறுநாள் காலை காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டப் போகிறார்.

சௌகரியம் என்பதை ஆடம்பரமாகப் பார்க்கிறவர்களோடு நான் முரண்படும் இடம் இதுதான். தலைவலியோடும் தூக்கக் கலக்கத்தோடும் ஓட்டுகிறவருக்கு முதலில் போவது பலமல்ல, நிதானம். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்க எந்தப் பக்கம் இடம் இருக்கிறது, சரளைக்கல்லில் முன் பிரேக்கைத் தொடலாமா என்பன போன்ற சின்ன முடிவுகள் தாமதமாக வரத் தொடங்கும். கஷ்டப்பட்டால்தான் பயணம் என்ற வீராப்பு சமவெளியில் அதிகபட்சம் முதுகுவலியோடு போய்விடும். மலையில் அப்படி விட்டுவிடாது.

ஆகவே நேரம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, ஸ்ரீநகர் வழியாக உள்ளே போய் மணாலி வழியாக வெளியே வாருங்கள் என்பதே. ஸ்ரீநகர் 1,600 மீட்டர். சோனாமார்க் 2,700 அளவில் இருக்கிறது. சோஜி லா 3,500 மீட்டரை எட்டினாலும் அதைத் தாண்டியபின் கார்கிலில் 2,700 மீட்டருக்கு இறங்கிப் படுக்கலாம். மறுநாள் 4,100 மீட்டரில் உள்ள ஃபோட்டு லாவைக் கடந்து லேவுக்கு வந்து, இரண்டு முழு நாள் அங்கே மெதுவாக நடந்து, தண்ணீர் குடித்து, தூங்கிப் பழகிவிட்டால் உடம்பு உயரத்துக்கு இணங்கிவிடும். வழியெங்கும் ஊர்கள் இருக்கின்றன, பெட்ரோலும் கிடைக்கும். அதன்பின் தங்லாங் லா வழியாகத் திரும்பும்போது அதே சர்ச்சுவில் நிம்மதியாகத் தூங்க முடிகிறது. மணாலி வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் ஜிஸ்பாவிலோ கீலாங்கிலோ இரண்டு இரவுகள் தங்குவது நல்லது. அங்கே ஒரு நாளை வீணடிப்பதாகத் தோன்றும். பாகா ஆற்றங்கரையில் வீணடிக்கலாம், தப்பில்லை. டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டாசோலமைடு மாத்திரையைப் பலர் போட்டுக்கொள்கிறார்கள். அது பழகுவதை விரைவுபடுத்த உதவும். ஆனால் எல்லோருக்கும் ஏற்றதல்ல என்பதால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை நம்பி, வலி கூடிக்கொண்டிருக்கும்போதே மேலும் ஏறுவது ஆபத்து. தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் பேச்சே இல்லை. உடனே கீழே இறங்கியாக வேண்டும்.

உயரத்துக்கு அடுத்தது நேரம். இந்தச் சாலையின் குறுக்கே பாயும் ஓடைகளை அங்கே நாலா என்கிறார்கள். அவற்றில் ஓடுவது மேலே உருகும் பனி. இரவு முழுவதும் உறைந்து கிடப்பது வெயில் ஏற ஏற உருகி இறங்குவதால், விடிந்த சிறிது நேரத்தில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர் பிற்பகலில் சக்கரத்தின் பாதிவரை வந்துவிடக்கூடும். ஜிஸ்பாவுக்கு அடுத்த தார்ச்சாவைத் தாண்டி ஜிங்ஜிங்பார் பக்கம் இப்படிப்பட்ட இடங்களைக் காலை ஏழு மணிக்குக் கடப்பவரும் மதியம் மூன்று மணிக்குக் கடப்பவரும் ஒரே நாலாவைப் பார்ப்பதில்லை. தண்ணீருக்கு முன் வண்டியை நிறுத்தி, முன்னால் போகும் லாரியின் சக்கரம் எங்கே எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு முதல் கியரில், கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலரேட்டரைக் குறைக்காமல், கண்ணைத் தண்ணீரில் வைக்காமல் அக்கரையில் வைத்துப் போக வேண்டும். அடியில் இருப்பவை உருண்டைக் கற்கள். முன் சக்கரம் தன் போக்கில் இரண்டு விரற்கடை இங்கும் அங்கும் விலகும், அதோடு மல்லுக்கட்டாமல் விட்டால் தானே நேராகிவிடும்.

விழாமல் கடந்தாலும் பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டால் அன்றைய நாள் முழுக்க வேதனைதான். 4,800 மீட்டர் குளிர்காற்றில் ஈரக்கால் காயவே காயாது. உள்ளே ஒரு காலுறை, அதன் மேல் கெட்டியான பாலிதீன் பை, அதற்கு மேல் பூட்ஸ் என்பது பார்ப்பதற்குக் கேவலமாக இருந்தாலும் விலையுயர்ந்த எந்த நீர்புகா பூட்ஸுக்கும் ஈடு கொடுக்கும். மழையில் கையுறைக்கு மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் பெரிய அளவில் வாங்கி மாட்டிக்கொள்வதும் இதே வகைதான்.

இருக்கை பற்றி நிறையக் கேட்கிறார்கள். ஜெல் மெத்தை, காற்றடைத்த மெத்தை, ஆட்டுத்தோல் எல்லாவற்றாலும் ஓரளவு பலன் உண்டு. ஆனால் தடித்த தையல் உள்ள ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு ஐந்தாயிரம் ரூபாய் மெத்தையில் உட்கார்வதில் பொருளில்லை. வலி பெரும்பாலும் அசையாமல் உட்காருவதால் வருகிறது. மணிக்கொரு முறை இறங்கி ஐந்து நிமிடம் நடப்பதும், கரடுமுரடான இடங்களில் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று முழங்காலை லேசாக மடக்கி ஓட்டுவதும் எந்த மெத்தையையும்விடப் பயன் தரும். நின்று ஓட்டும்போது முதுகு கூன்போட்டால் ஹேண்டில் உயரம் போதவில்லை என்று பொருள். மெக்கானிக்கிடம் சொல்லிச் சற்று உயர்த்திக்கொள்ளலாம். முதுகில் பை மாட்டுவது கூடவே கூடாது. தோளில் தொங்கும் ஐந்து கிலோ மாலைக்குள் பதினைந்து கிலோவாகத் தெரியும். கனமான சாமான்கள் இரு பக்கப் பைகளின் அடியில், வண்டியின் நடுப்பகுதியை ஒட்டி இருக்க வேண்டும். கூடாரமும் துணியும்தான் பின்னால் மேலே போக வேண்டும்.

பின்னிருக்கையில் வருகிறவரின் கஷ்டம் தனி வகை. என் மனைவி ஒருமுறை சொன்னாள்: “பள்ளம் உங்களுக்குக் கண்ணுல தெரியுது, எனக்கு இடுப்புலதான் தெரியுது.” அன்றிலிருந்து பள்ளம் வருமுன் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டிவிடுகிறேன், அவள் ஃபுட்ரெஸ்டில் காலை ஊன்றிக்கொள்கிறாள். பின்னிருக்கைக்காரருக்கு எஞ்சின் சூடு எட்டாது, காற்றும் குளிரும் மட்டும் நன்றாக எட்டும் என்பதால் அவருக்கு ஒரு கம்பளி அதிகமாகவே வேண்டும். பருத்திப் பனியன் இருவருக்குமே உதவாது. ஏறும்போது வியர்வையில் நனைந்து, கணவாயில் அதுவே ஐஸ் துணி ஆகிவிடும்.

பெட்ரோல் கணக்கு எளிது. தாண்டி என்ற இடத்தில், சந்திராவும் பாகாவும் கூடும் சங்கமத்தருகே உள்ள பங்கில், அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எழுதிய பலகை பைக் ஓட்டுகிறவர்களிடையே பேர் பெற்றது. நடைமுறையில் லேவுக்கு 35 கி.மீ. முன்னால் காரு என்ற ஊரிலேயே பங்க் வந்துவிடும். நம் ஒரகடத்துப் பக்கம் தயாரான ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இன் டாங்க் 15 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்தாலும் தாளில் போதும். ஆனால் மலையில் பாதி நேரம் முதல் இரண்டு கியர்களிலேயே போகிறது, வழி அடைபட்டால் திரும்பி வரவும் வேண்டியிருக்கும் என்பதால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று அவசியம். அதற்கென்றே கடைகளில் லடாக் கேரியர் என்ற இரும்புச் சட்டம் விற்கிறார்கள். பெயரை வைத்தே பாதி வியாபாரம் ஆகிவிடுகிறது. கார்ப்பரேட்டர் வண்டிகள் உயரத்தில் காற்றுக் குறைந்து, பெட்ரோல் மிகுந்து, திணறிப் புகையும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் இழுவை குறைவது இரண்டுக்கும் பொது.

வாடகை வண்டியா, சொந்த வண்டியா என்றால் நான் சொந்த வண்டியின் பக்கம். மணாலியில் வாடகைக்கு எடுத்த பைக்கை லேவிலிருந்து நுப்ரா, பாங்காங் பக்கம் கொண்டுபோக அங்குள்ளவர்கள் விடுவதில்லை. லேவில் இன்னொரு வண்டி எடுக்க வேண்டிவரும். சென்னை சென்ட்ரலில் ரயில் பார்சலில் போட்டால் டில்லியில் எடுத்துக்கொள்ளலாம். ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். வண்டிக்குச் சாக்குக் கட்டும் அண்ணன் முதலில் டாங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, “ஒரு சொட்டு இருந்தாலும் ஏத்த மாட்டாங்க தம்பி” என்பார். அதன்படி டாங்கைக் காலி செய்துதான் அனுப்ப வேண்டும் என்பதால், டில்லியில் இறங்கியதும் வண்டியைப் பங்க் வரை தள்ளிக்கொண்டு போகத் தெம்பு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிகளையும் பக்கப் பைகளையும் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் தார்ச்சாவுக்கும் லேவை நெருங்கும்போது வரும் உப்ஷிக்கும் இடையே பெரும்பாலும் ஊமையாகத்தான் இருக்கும், ஆகவே இடைவெளியை வீட்டில் முன்பே சொல்லிவைக்க வேண்டும். கீலாங்கை விட்டால் லே பக்கம் போகும்வரை ஏ.டி.எம்.மை எதிர்பார்க்கக் கூடாது. கிளட்ச் கேபிளில் இன்னொன்றைப் பழையதோடு சேர்த்தே ஓட்டிக் கட்டிவைத்தால், அறும்போது முனையை மாற்றி மாட்டினால் போதும். டியூப் டயர் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு டியூப், லீவர், பம்ப் எல்லாம் வேண்டும். அவற்றை வீட்டு வாசலிலேயே ஒரு முறை கழற்றி மாட்டிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

திரும்பும் ரயில் டிக்கெட்டை மட்டும் இறுக்கமாகப் போட்டுவிடாதீர்கள். பாரலாச்சா லாவில் செப்டம்பரிலும் பனி விழும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் மணாலிக்குக் கீழே மண் சரியும். எல்லைச் சாலை அமைப்பின் புல்டோசர் வந்து வழி திறக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு நாள் கையிருப்பு இருப்பவர் பக்கத்துத் தாபாவில் மேகி சாப்பிட்டு, லாரிக்காரர்களோடு சீட்டாடி, மறுநாள் காலை கிளம்புவார். நாளைக்கு டில்லியில் ரயில் என்பவர் பிற்பகல் மூன்று மணிக்கு, தண்ணீர் ஏறிய நாலாவில் வண்டியை இறக்குவார். கையிருப்பு நாட்கள் மிஞ்சிவிட்டால் ஜிஸ்பாவில் இன்னோர் இரவு தங்கலாம், அல்லது கிராம்பூ என்ற இடத்தில் திரும்பி ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் பக்கம் எட்டிப் பார்க்கலாம். அந்தச் சாலை இதைவிட மோசம் என்பதால் அதைத் தனியாக எழுதுகிறேன்.