அச்சு உயரவில்லை

"வண்டி ஒசந்திருக்கு தம்பி. அச்சு ஒசரலையே!"

இன்று காலை கோரையாற்றங்கரையில், சங்கிலியை மாட்டக் குனிந்த டிராக்டர் பெரியவர் சொன்னது.

மச்சானின் தார் ஜீப். ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் என்ற தடித்த வளையம் வைத்து 2 அங்குலம் தூக்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. "இனிமே எந்தச் சேத்துலயும் போகும்" என்றுதான் என்னை ஏற்றிப் போனான்.

நானும் குனிந்து பார்த்தேன். பம்பர், கதவுப்படி எல்லாம் சேற்றுக்கு மேலே ஜம்மென்று நிற்கின்றன. பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை மட்டும் களிமண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அதில் வைக்கோல் வேறு சுற்றியிருந்தது, பிரிமணை மாதிரி.

ஸ்பிரிங்கைத் தூக்கினால் உயர்வது பாடிதான். அச்சு சக்கரத்தோடு கிடக்கிறது. அது 1 அங்குலம் எழ, டயரின் விட்டம் 2 அங்குலம் கூட வேண்டும். தூக்கிய உயரத்தில் லாபம், பெரிய டயருக்கு இடம் கிடைப்பது. இவன் போட்டிருப்பதோ பழைய டயரே. கூடவே பாரமும் மேலே ஏறி, வளைவில் வண்டி கொஞ்சம் சாய்கிறது.

இழுக்க வந்த டிராக்டரைப் பார்த்தேன். பின்னால் ஸ்பிரிங்கே கிடையாது. உயரம் முழுக்கச் சக்கரத்தில்.

நம் களிமண்ணை உழுது பழகியவருக்கு இது ஒரு பார்வையில் தெரிகிறது. நாங்கள் இரண்டு பேரும் பத்து வீடியோ பார்த்திருந்தோம்.

வண்டி வெளியே வந்ததும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "பெரிய டயர் என்ன வெல வரும்?"