அடுப்பும் 22ஆம் பக்கமும்

முதல் நாளே சொல்லிவிட்டார்கள். காய் நறுக்கலாம், தாளிக்கலாம், உப்புப் பார்க்கலாம், கிளறலாம். அடுப்பை மட்டும் நான் பற்ற வைக்கக் கூடாது.

2017இல் ப்னே ப்ராக் போனேன். டெல் அவீவை ஒட்டி இருக்கும் ஊர். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக, மத ஆசாரம் தவறாத யூதர்கள் நெருக்கியடித்து வாழும் இடம். எண்பத்தைந்து வயதுத் தாத்தா ஒருவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை. இளமையில் லண்டனில் இருந்தவர், இங்கிலீஷ் பேசுவார். ஹீப்ரூவில் தாத்தாவுக்கு சபா, பாட்டிக்கு சப்தா. நானும் அப்படியே கூப்பிட்டேன். வேலூரில் ஒன்பது வருடம் வார்டில் நின்று காய்த்துப்போன கால் இது. ஒரே ஒரு நோயாளி என்றதும் ஏதோ ஓய்வுக்குப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

ஆனால் அந்த அடுப்பு. எங்கள் ஆயா குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் களையெடுக்கப் போனவள். ஊர்த்தெருவில் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் இரண்டு கையையும் குவித்துக் குனிய வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். சொம்பு கைக்கு வராது. இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவளிடம் அடுப்பைத் தொடாதே என்றால் எப்படி இருக்கும்? அன்று ராத்திரி காட்பாடிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்: "இங்கயும் அதே கதைதாம்மா."

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. யூதர் அல்லாதவர் சமைத்ததை அவர்கள் சாப்பிடக் கூடாது. தீயை ஒரு யூதர் ஏற்றிவிட்டால் போதும், மீதியை யார் செய்தாலும் குற்றமில்லை. சப்தாவுக்கு மூட்டுவாதம், விரல் மடங்காது. ஆனாலும் தினமும் காலையில் வந்து அந்தத் திருகைத் திருகிவிட்டுப் போவார். திறந்த திராட்சை ரசப் பாட்டிலுக்கும் இதே கதை, என் கை பட்டால் அவர்கள் குடிக்க முடியாது. ஆறு மாதம் போனபின் கவனித்தேன், வீட்டுக்கு வரும் பாட்டில் மாறியிருந்தது. காய்ச்சிய ரசத்துக்கு அந்த விதி கிடையாதாம். இனி அதைத்தான் வாங்க வேண்டும் என்று சப்தா மகனிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஊரே கேட்கச் சங்கு ஊதும். அதிலிருந்து சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத், அவர்களுடைய ஓய்வுநாள். விளக்கு சுவிட்சைத் தொட மாட்டார்கள், போன் கிடையாது, எழுதுவது கிடையாது. என்னை ஏவவும் கூடாது. அதனால் சப்தா பொதுவாகச் சுவரைப் பார்த்து, "இந்த அறை ரொம்ப இருட்டாக இருக்கிறது" என்பார். குறிப்பறிதலுக்கு வள்ளுவர் இரண்டு அதிகாரம் வைத்தது இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டு விளக்கைப் போடுவேன். சபாவுக்கு உடம்பு முடியாத விஷயம் என்றால் நேராகவே கேட்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் எந்த விதியும் குறுக்கே நிற்காது. ஒரு ஷபாத் இரவு சபாவுக்கு மூச்சு இழுத்தபோது, நான் போனைத் தேடுவதற்குள் அவர் மகனே எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு இன்னொரு தாத்தா வருவார். முதல் நாள் இவர்கள் படித்த சத்தத்தில் நான் பதறி ஓடிவந்தேன். இவர் மேஜையைக் குத்துகிறார், அவர் கையை ஆட்டிக் கத்துகிறார். சண்டை என்றே நினைத்து பிபி கருவியை எடுத்து சபா கையில் மாட்டினேன். 130/80. இருவரும் சிரித்தார்கள். ஹவ்ரூசா என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு பேராகச் சேர்ந்து, சத்தமாக, ஒருவரை ஒருவர் மறுத்துப் படிப்பது. தனியாகப் படிப்பது படிப்பே இல்லை என்பது சபாவின் கட்சி.

படிப்பது தல்மூத், யூதச் சட்டமும் அதன்மேல் நடந்த வாதமும் அடங்கிய பழைய நூல். அந்தத் தாளைப் பார்க்க வேண்டும். நடுவில் மூலம். ஒரு பக்கத்தில் ராஷியின் உரை. பிரான்சில் த்ருவா என்ற ஊரில் இருந்து 1105இல் இறந்தவர். பரிமேலழகரைத் தொடாமல் குறளைத் தொடாத நம் தமிழ் ஐயாக்கள் மாதிரி, ராஷி இல்லாமல் இவர்கள் வாயைத் திறப்பதில்லை. எதிர்ப்பக்கத்தில் தொசஃபோத் என்று இன்னொரு உரை. அதை எழுதியவர்களில் ராஷியின் சொந்தப் பேரன்களும் உண்டு, பல இடத்தில் தாத்தா சொன்னது சரியில்லை என்கிறார்கள். தாத்தாவும் பேரனும் ஐந்நூறு வருடத்துக்கு மேலாக ஒரே தாளில் எதிரும் புதிருமாக நிற்கிறார்கள், யாரும் ஒருவரை அழித்துவிடவில்லை. நான் படித்த பள்ளியில் நோட்ஸில் இல்லாத பதிலை எழுதியதற்கு ஸ்கேலால் விரல் மொழியில் வாங்கியிருக்கிறேன்.

தீராத கேள்வி வந்தால் தல்மூத் ஒரு வார்த்தை போட்டு நிறுத்திவிடும்: தேக்கு. அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் தேக்கு என்றால் ஏரியில் தண்ணீரைத் தேக்குவது என்று சொன்னேன், காவேரிப்பாக்கம் ஏரியின் படத்தைப் போனில் காட்டினேன். சபா அந்தப் படத்தை ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

எல்லாம் சரி, சப்தா அந்த மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் பெண்கள் பைபிள் படிப்பார்கள், ஆசாரச் சட்டம் படிப்பார்கள், தல்மூத் கிடையாது. அவர்களுக்கென்று பள்ளி வந்ததே 1917இல்தான், இன்றைய போலந்தில் இருக்கும் க்ராக்கோவில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் ஆரம்பித்தது. (மறு வருடம்தான் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி திறந்தார்.) சப்தா மாவு பிசைந்துகொண்டே முணுமுணுப்பார்: "தொசஃபோத்தை விட்டுவிட்டார், பார்." ஐம்பது வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட படிப்பு. எனக்கு அது பொறுக்கவில்லை, இப்போதும் பொறுக்கவில்லை.

தல்மூத்தைத் தினம் ஒரு தாள் என்று உலகம் முழுக்க ஒரே கணக்கில் படிக்கிறார்கள். 1923இல் தொடங்கிய ஏற்பாடு. மொத்தம் 2711 தாள், முடிக்க ஏழரை வருடம் ஆகும். நடப்புச் சுற்று 2020 ஜனவரியில் ஆரம்பித்தது. 2021 நவம்பர் பாதியில் தானீத் என்ற பகுதி வந்தது. பெரும்பாலும் மழையைப் பற்றியது. மழை வராவிட்டால் எப்போது நோன்பு, எத்தனை நோன்பு என்று போகும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, 19ஆம் தேதி, அம்மா கூப்பிட்டாள். "பாலாத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கினு தண்ணி போவுதுடி." நான் நம்பவில்லை. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வந்த ஆறு அது. பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானமாகத்தான் தெரியும். அப்புறம் அவள் குரல் இறங்கியது. அன்று விடியற்காலையில் பேரணாம்பட்டில் மழைக்கு வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். குழந்தைகளும் அதில்.

சபாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், சங்கு ஊதிவிட்டது. டிசம்பர் முதல் தேதி 19ஆம் தாளுக்கு வந்தார்கள். ஊருக்கு எந்தத் துன்பம் வந்தாலும் கொம்பு ஊதி வேண்டலாம், மழை அதிகமானதற்கு மட்டும் கூடாது என்று அதில் இருக்கிறது. மழை வரம், வரத்தைப் போதும் என்று சொல்லக் கூடாது. எனக்குச் சுருக்கென்றது. "அப்போ அந்த ஒன்பது பேர்?" என்று கேட்டுவிட்டேன். "மூன்று நாள் பொறு" என்றார் சபா.

மூன்றாம் நாள் ஷபாத். சபாவின் படிப்புத் தோழரான அந்த இன்னொரு தாத்தா நடந்தே வந்தார். சபா என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார், சப்தாவும் வாசற்படியில் வந்து நின்றார். 22ஆம் தாள். பாபிலோன் பள்ளமான நாடு, அங்கே மழை மிஞ்சினால் வேண்டலாம் என்கிறது அது. மழை மிகுந்த வருடம் எருசலேம் ஆலயத்தில் முறைப்பணி செய்தவர்கள் சொல்லி அனுப்புவார்களாம்: தூர தேசத்தில் இருக்கும் நம் சகோதரர்கள்மேல் கண் வையுங்கள், அவர்கள் வீடே அவர்களுக்குக் கல்லறையாகிவிடக் கூடாது.

எனக்குப் பேச்சு வரவில்லை. தோழருக்கு வந்தது. "சகோதரர்கள் என்றால் யூதர்கள். இவள் ஊரை இதில் எப்படிச் சேர்ப்பாய்?" சபா மேஜையைக் குத்தினார். "காரணம் பள்ளம். பள்ளம் எங்கே இருந்தாலும் பள்ளம்தானே?" அரை மணி நேரம் நடந்தது. பேரணாம்பட்டு என்ற பெயரை இருவரும் பத்து விதமாக உச்சரித்தார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் மறு வாரம் ஆயாவின் தண்ணீர்க் கதையைச் சபாவிடம் சொல்லி, இந்த அடுப்பும் அதுவும் வேறா என்று கேட்டேன். வேறு என்றார் உடனே. இதில் அழுக்கும் இல்லை, தீட்டும் இல்லை. பிற ஜனங்களோடு சேர்ந்து உண்டு பழகினால் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் கலந்துவிடுவோம் என்ற பயத்தில் பெரியவர்கள் போட்ட வேலி.

"எங்க ஊரிலயும் அதுக்குத்தான் சபா பயந்தாங்க" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்குத் தோழரிடம் இதைப் போட்டார். கத்தினார்கள், அலமாரியிலிருந்து நான்கு புத்தகம் இறங்கியது, டீ ஆறியது. பதினோரு மணிக்குத் தோழர் கோட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் போனார். சபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தேக்கு" என்றார்.

அடுத்த நாள் காலையும் சப்தாதான் வந்து அடுப்பைப் பற்ற வைத்தார்.