கெண்டைக்காலில் ஒரு பேனாக் கோடு

கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நின்றால் மாட்டுங்கா, சயான் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யாரும் வியப்பதில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நடந்துவிடுவோம். போன ஜூலையில் தண்டவாளம் மூழ்கி லோக்கல் ரயில் நின்றுபோன ஒரு மாலையில், நானும் தாதரிலிருந்து சயான் கோலிவாடாவிலுள்ள வீட்டுக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன். மூன்றாம் நாள் இரவு, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குளிருடன் காய்ச்சல் கண்டது. இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருப்பதை உணர்ந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது, தொட்டால் சுட்டது.

திருநெல்வேலியிலிருந்து அம்மா தொலைபேசியிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட்டார்: "ஏய்யா, அது அக்கியா இருக்கும்லா. வேளார் யாராவது இருந்தா எழுதிட்டு வந்திரு." மும்பையில் காவி குழைத்துத் தோலின்மேல் அக்கி எழுதும் குயவரான வேளாரை நான் எங்கே தேடுவது? அக்கி என்பது சின்னம்மைக் கிருமியே நரம்பில் தங்கியிருந்து பிற்காலத்தில் கொப்புளங்களாகக் கிளம்புவது. எனக்கு வந்திருந்ததோ பாக்டீரியாவால் வரும் வேறொன்று என்பது அப்போது தெரியாது. மறுநாள் தெருமுனைக் கிளினிக்கில், காலைக் கையால் தொட்டும் பார்க்காமல், வலி மாத்திரை எழுதிக்கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அன்று மாலைக்குள் சிவப்பு கெண்டைக்காலின் பாதியை எட்டியிருந்தது, காய்ச்சல் 102.4. மனைவி டாக்சியை அழைத்துவிட்டார்.

பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்த பெண் மருத்துவர் சிவந்த இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். நான்காவது, ஐந்தாவது விரல்களுக்கு இடையே தோல் வெளுத்து, ஊறிப்போய், நடுவில் ஒரு வெடிப்பு. நம் ஊரில் சேற்றுப்புண் என்போமே, அதுதான். மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே இருந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு கலவைக் களிம்பைப் போட்டதும் அரிப்பு அடங்கிவிட்டதால் அதை மறந்திருந்தேன். அத்தகைய கலவைகளில் ஸ்டீராய்டு சேர்ந்திருப்பதால் அரிப்புதான் அடங்குமே தவிர, பூஞ்சை உள்ளே வசதியாகப் பரவும் என்று அவர் சொன்னார். அந்த வெடிப்பு வழியாக நுழைந்த பாக்டீரியா தோலின் அடிப்பகுதியிலும் அதற்குக் கீழுள்ள கொழுப்புத் திசுவிலும் பரவியிருந்தது. இதற்குச் செல்லுலைட்டிஸ் என்று பெயர். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையும், சில வேளைகளில் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகையும் இதற்குக் காரணமாகின்றன. சீழ் இல்லாததால் எடுத்துச் சோதிப்பதற்கு ஒன்றுமில்லை. கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, சிவப்பு முடியும் விளிம்பை ஒட்டிக் கால் முழுவதும் கோடு வரைந்து, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதினார். இதைக் கேட்ட அம்மா, "அவங்களும் எழுதத்தானே செஞ்சிருக்காவ" என்றார். நான் மறுக்கவில்லை.

ரத்த அணுக்கள், சிறுநீரகம், சர்க்கரை என்று பரிசோதனைகள் நடந்தன. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தாலும் ஒரு கால் மட்டும் இப்படி வீங்கலாம் என்பதால் டாப்ளர் ஸ்கேனும் எடுத்தார்கள். அதில் கோளாறு இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 8.4 என்று வந்தது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரிந்தது. (பழைய நோயை மறைத்ததாக எண்ணிக் காப்பீட்டு நிறுவனம் கேட்ட கடிதங்களை எழுதிக்கொடுப்பதில் ஒரு முழு நாள் போனது தனிக் கதை.) பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று இரண்டு பேர் தனித்தனியே கேட்ட பிறகே, அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த பென்சிலின் வகை ஊசியை, 1.2 கிராம் அளவில், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிரையில் ஏற்றத் தொடங்கினார்கள்.

மறுநாள் காலை சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை மேலே போயிருந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று நான் பதறியபோது, சாகும் கிருமிகளிலிருந்து வெளிவரும் பொருட்களாலேயே முதல் ஓரிரு நாள் சிவப்பு கூடக்கூடும், காய்ச்சலும் வலியும் குறைகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். அத்துடன், கண்ணுக்குத் தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலி, தோல் கருநீலமாவது, கொப்புளம், மரத்துப்போதல், அழுத்தினால் உள்ளே நறநறப்பது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றார். அவை திசுவே அழுகும் வேறொரு நோயின் அறிகுறிகள்; அதற்கு ஊசி மட்டும் போதாது, சில மணி நேரத்துக்குள் அறுவை செய்தாக வேண்டும். அன்று இரவு மணிக்கொரு தரம் காலை அழுத்திப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஊசிக்கு இணையாக எனக்குப் பயன்பட்டது காலை உயர்த்தி வைத்ததுதான் என்பது என் கணிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் கால் நீட்டுவதை அவர்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை; படுத்த நிலையில் கால் நெஞ்சைவிட உயரத்தில் இருந்தாக வேண்டும். கழிப்பறைக்குப் போய்வரும் ஐந்து நிமிடத்தில் கால் ஊதாநிறமாகிக் கனப்பதையும், தலையணைகளின் மேல் ஏற்றியதும் அது வடிவதையும் நானே பார்த்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நான்காம் நாள் பளபளத்திருந்த தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. வீக்கம் வடிவதற்கு அதுதான் அடையாளம் என்று மலையாளத் தமிழில் சொன்ன செவிலியர் என்னைவிட மகிழ்ந்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே மருந்தின் 625 மில்லிகிராம் மாத்திரை மேலும் ஒரு வாரம், சர்க்கரைக்கு மாத்திரை, விரலிடுக்குக்கு ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு. கெண்டைக்காலில் தோல் பூண்டுச் சருகுபோல உரிந்தது. பழுப்புத் தழும்பும் மாலை வீக்கமும் இரண்டு மாதம் நீடித்தன. ஒருமுறை வந்த காலிலேயே இது மீண்டும் வரக்கூடும் என்பதால், குளித்ததும் விரலிடுக்குகளைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி உலர்த்துவது இப்போது தினசரி வேலையாகிவிட்டது.

செப்டம்பரில் மறுபடியும் வெள்ளத்தில் நடக்க நேர்ந்தது. அன்று வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கால் கழுவி, துடைத்து, விளக்கடியில் விரல்களை விரித்துப் பார்த்தேன். எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரைக்காக 72 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி மாநகராட்சி ஆண்டுதோறும் அறிவிப்பதையும் இம்முறை கேட்டு நடந்தேன். அலுவலக மேசை இழுப்பறையில் இப்போது ஒரு துண்டும் இரண்டு ஜோடி காலுறைகளும் இருக்கின்றன.