கார் கிளம்பவில்லையா? சத்தத்தைக் கேளுங்கள்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. முதலில் சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள்.

'டிக்டிக்டிக்' என்று படபடத்தால் சார்ஜ் போதவில்லை, இல்லை பேட்டரியின் டெர்மினல், அதாவது வயர் மாட்டும் முனை, சரியாகப் பிடிக்கவில்லை. பானட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் கையால் தொட்டாலே ஆடும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே பல வண்டிகள் கிளம்பிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் எனக்கு இஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல்தான் சந்தேகம் வரும். இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லையா? அப்போது பேட்டரியை விடுங்கள், எரிபொருளையும் ஸ்பார்க்கையும் பாருங்கள்.

அப்புறம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைப் பேட்டரி டெர்மினல்களில் வைத்துப் பாருங்கள். நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். இஞ்சின் ஓடும்போது 14 பக்கம் ஏறவில்லை என்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள். அதைக் கவனிக்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இறங்கிவிடும்.