ஒரே ஸ்பெக்

"சார், எங்களுக்கு மட்டும் தனியா ஒரு ஸ்பெக் எழுதக் கூடாதா? உப்புக்காத்து எதையும் விட்டு வைக்காது."

பல பேரூராட்சிகள் சேர்ந்து தெருவிளக்கு வாங்க, விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்ற ஸ்பெக்கை நான் எழுதிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் கடலோரப் பேரூராட்சியின் இ.ஓ. (செயல் அலுவலர்) கேட்டது இவ்வளவுதான். "தனியா எழுதினா குவான்டிட்டி உடையும், விலை ஏறும். ஒண்ணாப் போகணும்னா ஒரே ஸ்பெக்தான்" என்றேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. சொன்னதில் தப்பில்லை என்று இன்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது.

கூட்டுக் கொள்முதலின் பலமே அதில்தான் இருக்கிறது. ஐந்நூறு தெருவிளக்குக்கு டெண்டர் போட்டால் உள்ளூர் டீலர்தான் வருவார். பத்து ஊர் சேர்ந்து போட்டால் கம்பெனியே நேரில் வரும். 2014இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை, மத்திய அரசின் பல்பு திட்டமான உஜாலா வந்து 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியதில், ஒரே மாதிரி பல்பை நாட்டுக்கே மொத்தமாகக் கேட்டதற்குப் பெரும்பங்கு உண்டு. கூட்டத்தில் இதைத்தான் எடுத்துச் சொன்னேன். அது வீட்டுக்குள் எரியும் பல்பு என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

கார்பன் கணக்கும் ஆசை காட்டியது. பழைய 40 வாட் டியூப் லைட், சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 55 என்று வைத்துக்கொள்வோம். 20 வாட் எல்.இ.டி. மாட்டி வருடத்துக்கு 4,000 மணி நேரம் எரித்தால் விளக்குக்கு 140 யூனிட் மிச்சம். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்றால் ஏறக்குறைய 100 கிலோ. இதில் ஒரு ஓட்டை உண்டு. பழைய விளக்கில் ஐந்தில் ஒன்று முன்பே எரியாமல் கிடந்திருந்தால், ஆயிரம் விளக்குக்கு 1,40,000 யூனிட் மிச்சம் வராது, 96,000தான் வரும். எரியாத விளக்கு கரண்ட் இழுக்காதே. ராத்திரி கம்பம் கம்பமாகப் போய் எண்ணிய பிறகுதான் அறிக்கை எழுத வேண்டும்.

உப்புக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி. 66 தரம் கேட்டிருந்தேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூ கேட்டிருந்தேன். வினையே அந்த ஸ்குரூதான். கடலோரத்தில் விளக்குகள் அணைந்த பிறகு கழற்றிக் கொண்டு வந்த ஃபிட்டிங்கில் ஸ்குரூ பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றி பவுடர் கோட்டிங் கொப்பளித்து, உள்ளே அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. இரண்டு உலோகம், நடுவே உப்பு ஈரம், பலியாவது அலுமினியம்தான். ஸ்குரூவின் பிடி விட்டதும் கேஸ்கெட் தளரும், தண்ணீர் இறங்கும், எல்.இ.டி.க்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போகும். ஐ.பி. 66 சான்றிதழ் புது ஃபிட்டிங்குக்குக் கொடுப்பது. ஸ்குரூவுக்கு ஒரு நைலான் வாஷர், பாடிக்குச் செம்பு அதிகமுள்ள ஏ.டி.சி. 12 அலுமினியக் கலவைக்குப் பதில் செம்பு மிகக் குறைந்த எல்.எம். 6 வார்ப்பு என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் கதை வேறு.

வாரண்டி ஐந்து வருடம். கம்பெனிக்காரர் வந்து பார்த்து, இது தயாரிப்புக் குறை இல்லை, சுற்றுச்சூழல் பாதிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போதாக்குறைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது வேறொரு பேரூராட்சி. கடலோரத்தார் கையில் இருந்தது வேலை உத்தரவு மட்டும். புகாரே இன்னொரு ஆபீஸ் வழியாகப் போக வேண்டும். அதுவரை தெரு இருட்டாகக் கிடக்குமா? கடையில் கிடைத்த விளக்கை வாங்கி மாட்டினார்கள். அது எத்தனை வாட் என்று யாரும் பார்க்கவில்லை. என் 100 கிலோ அங்கேயே போயிற்று.

தனி ஸ்பெக் எழுதியிருந்தால்? குறைந்த எண்ணிக்கைக்குக் கூடுதல் விலை வந்திருக்கும், மீன்பிடி ஊர்தான் அதைக் கொடுத்திருக்கும். அதனால் நான் சொன்னதும் அவர்கள் நன்மைக்குத்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அதே ஸ்பெக்கில் மின்னழுத்தம் திடீரென எகிறினால் தாங்கும் 10 கே.வி. சர்ஜ் பாதுகாப்பு இருந்தது. அது யாருக்காக? குலசேகரம், திருவட்டாறு பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் விழும் இடிக்காக. மலையோர ஊர்கள் கேட்டதும் மறுபேச்சில்லாமல் பொது ஸ்பெக்கில் சேர்த்தேன். அதற்கான காசை எல்லா ஊரும் கொடுத்தது, கடலோர ஊரும்தான். அன்று குவான்டிட்டி உடையும் என்ற பேச்சே எழவில்லை. ஒரே ஸ்பெக் என்று நான் சொன்னது உண்மையில் மலையோர ஸ்பெக்.

இ.ஓ. கேட்டது தனி ஸ்பெக். தனியாக வேண்டாம், உப்பைத் தாங்கும் ஸ்பெக்கையே எல்லாருக்கும் போட்டுவிடலாம் என்ற பதில் என் வாயில் வரவில்லை. அவருக்கும் அது தோன்றியிருக்காது.

அடுத்த டெண்டர் வரைவில் எல்லா ஊருக்கும் எல்.எம். 6, நைலான் வாஷர், 1,000 மணி நேர உப்புத்தெளிப்புச் சோதனை என்று எழுதியிருக்கிறேன். விலை ஏறும். மலையோரப் பேரூராட்சிகள் வரைவை இன்னும் பார்க்கவில்லை.