காய்ந்த பிறகுதான் கவர்

14 அக்டோபர் 2025, செவ்வாய்

பாலியல் வன்முறைக்கு ஆளாகி கேஷுவாலிட்டிக்கு (அவசரப் பிரிவுக்கு) வருபவரிடம் கேட்கவே கூடாத கேள்வி: "எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா?" சென்னையில் எந்த ஆஸ்பத்திரியானாலும், அரசோ தனியாரோ, சிகிச்சையை உடனே, காசு வாங்காமல் தொடங்கியாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357சி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 397. "ஜி.எச்.சுக்குப் போயிடுங்க" என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது ஓராண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். போலீசுக்குத் தகவல் சொல்வது ஆஸ்பத்திரியின் வேலை. வந்தவர் கையில் போலீஸ் மெமோ இருக்கத் தேவையில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்), தகவல் கொடுத்தே தீர வேண்டும். வயது வந்த பெண் புகார் வேண்டாம் என்றால், அனுப்பும் தகவலிலேயே அதையும் எழுதிவிட வேண்டும்.

ஏ.ஆர். (கேஷுவாலிட்டியின் விபத்துப் பதிவேடு) எழுதும்போது அவர் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். "பாலியல் தொந்தரவு" என்று நாமாகப் பூசி மெழுகினால், பின்னால் அவர் கோர்ட்டில் சொல்வதும் ஏ.ஆரில் இருப்பதும் வேறு வேறாகிவிடும்.

எதற்கும் முன்னால் கழுத்து. நெரித்தார்களா என்று கேட்காமல் விட்டால் அவராகச் சொல்வது அபூர்வம். வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம். குரல் கம்மியிருக்கிறதா, எச்சில் விழுங்க வலிக்கிறதா, நினைவு தப்பியதா, அந்த நேரத்தில் சிறுநீர் பிரிந்ததா என்று கேளுங்கள். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், காதுக்குப் பின்னாலும் பாருங்கள், ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள் தெரியலாம். இதில் ஒன்று இருந்தாலும் அட்மிஷன். ஸ்வாப் (தடயத்தைத் துடைத்தெடுக்கும் பஞ்சுக் குச்சி) காத்திருக்கும்.

17 அக்டோபர், வெள்ளி

சம்மதம் ஒரே கையெழுத்தில் முடிகிற விஷயம் இல்லை. சிகிச்சை, உடல் பரிசோதனை, மாதிரி எடுப்பது என்று தனித்தனியாகக் கேட்டு, ஆம், இல்லை இரண்டையும் எழுத வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் சம்மதம் அவருடையது. பரிசோதனை வேண்டாம் என்பவருக்கும் மருந்து உண்டு.

"லேடி டாக்டர் வரட்டும்" என்று நாலு மணி நேரம் உட்கார வைப்பது இன்னொரு பழக்கம். போக்சோவில் சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வயது வந்தவருக்கு அப்படி இல்லை. பெண் மருத்துவர் கிடைக்காவிட்டால், அவர் சம்மதித்தால், பெண் உதவியாளரை உடன் வைத்துக்கொண்டு ஆண் மருத்துவர் பார்க்கலாம்.

மாதிரி எடுக்கும் வரிசையில் வாய்தான் முதலில். காரணம் எளிது: வாய் ஸ்வாப் எடுத்துவிட்டால் அவர் தண்ணீர் குடிக்கலாம். பல பேர் மணிக்கணக்கில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது துணி. தரையில் இரண்டு தாள் விரித்து, மேல் தாளில் நின்றபடி அவரே கழற்ற வேண்டும். அடித்தாள் தரை அழுக்குக்காக. மேல் தாளை அதில் விழுந்த முடி, மண்ணோடு மடித்து அனுப்ப வேண்டும். வெட்டித்தான் எடுக்க வேண்டுமென்றால் கிழிசலையும் கறையையும் விட்டுத் தள்ளி வெட்டுங்கள். நம் கத்தரி போட்ட வெட்டும் அவன் கிழித்த கிழிசலும் கலந்துபோனால் பிறகு பிரிக்க முடியாது. மாற்றுத் துணி அறையில் தயாராக இருக்கட்டும். ஆஸ்பத்திரிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு காரிடாரில் நடக்க விடாதீர்கள்.

தோலில் கடித்த, நக்கிய இடங்களுக்கு இரட்டை ஸ்வாப்: முதலாவதை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்துத் துடைத்து, அதே இடத்தில் காய்ந்த ஸ்வாபால் இன்னொரு முறை. இரண்டையும் அனுப்ப வேண்டும். ஸ்பெகுலத்துக்கு (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) ஜெல்லி கூடாது, வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

நேரக் கணக்கு: விந்தணு தேட 72 மணி நேரம், விந்துத் தடயத்துக்கு 96. அதைத் தாண்டினாலும் துவைக்காத துணியிலும் வெளி உடம்பிலும் தேடலாம். "நாலு நாள் ஆச்சு, ஒண்ணும் இருக்காது" என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

22 அக்டோபர், புதன்

மழை. இந்த ஊரில் மாதிரி கெட்டுப்போவது பெரும்பாலும் எடுக்கும்போது இல்லை, எடுத்த பிறகு. ஈரமான ஸ்வாபைக் குழாயில் போட்டு இறுக மூடினால் உள்ளே பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். ரிப்போர்ட்டில் வருவது "கண்டறியப்படவில்லை" என்ற ஒரு வார்த்தை. அது இல்லாததாலா, நாம் அழுகவிட்டதாலா என்று யாருக்கும் தெரியாது.

பஞ்சு ஏமாற்றும். மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும், குச்சியை ஒட்டின நடுப்பகுதி ஈரமாக இருக்கும். வெயில் மாதத்தில் சீக்கிரம் காய்வது ஐப்பசியில் இரண்டு மணி நேரம் ஆனாலும் காய்வதில்லை. அவசரப்பட்டு ஹீட்டர், டியூப்லைட் சூடு, ஜன்னல் வெயில் எதிலும் காட்டக் கூடாது. ஏ.சி. அறை நல்லது, காற்றில் ஈரம் குறைவு. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் புதிய தெர்மாகோல் துண்டில் ஓட்டை போட்டுக் குச்சியை நிறுத்தலாம், பஞ்சு எதிலும் படாமல். ஒவ்வொரு குச்சிக்கும் லேபிள் முதலில், காய வைப்பது பிறகு. ஒருவருடைய ஸ்வாபும் அடுத்தவருடையதும் ஒரே துண்டில் நிற்கக் கூடாது.

நனைந்த துணிக்கும் இதே கதைதான். கேரி பேக்கில் சுருட்டி வாங்கி வருவார்கள். உடனே வெளியே எடுத்து, கீழே சுத்தமான தாள் விரித்துக் காய வைத்து, ஒவ்வொரு துணிக்கும் தனிக் காகிதக் கவர். பிளாஸ்டிக் வேண்டாம்.

ரத்தம் இ.டி.டி.ஏ. குழாயில் (உறையாமல் தடுக்கும் மருந்து போட்டது), ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை. மது இருந்ததா என்று பார்க்க சோடியம் ஃப்ளோரைடு குழாய். அதற்கு ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் எல்லாம் பாழ். கருக்கலைப்பில் கிடைத்த திசுவை ஃபார்மலினில் போடுவது கை பழகிய தப்பு. லேப் அட்டெண்டர் நல்லெண்ணத்தில் செய்துவிடுவார். டி.என்.ஏ.வுக்கு அது சலைனில், ஐஸில் போக வேண்டும்.

பிறகு நூல், அரக்கு, சீல், ஒப்பிட்டுப் பார்க்க அதே சீலின் மாதிரிப் பதிவு. படிவத்தில் ஸ்வாப் நாலு என்றிருந்து மயிலாப்பூர் காமராஜர் சாலை தடயவியல் லேபில் பிரிக்கும்போது மூன்று இருந்தால், குறுக்கு விசாரணை அங்கேயே தொடங்கிவிடும். சனி ராத்திரி எடுத்தது திங்கள் வரை எந்த அலமாரியில் இருந்தது, சாவி யாரிடம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

25 அக்டோபர், சனி

மருந்து. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் உத்தமம், 72 மணிக்கு மேல் பயனில்லை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், ஒரே மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் சரியாக உள்ளே சேராது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோ.

கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே வேளை. முன்னால் வாந்தியைத் தடுக்கும் மாத்திரை கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு வீட்டுக்கு அனுப்பினால் வாந்தி எடுத்தது நமக்குத் தெரியவே தெரியாது. ஹெபடைடிஸ் பி ஊசி இன்று, ஒரு மாதம், ஆறு மாதம்.

28 அக்டோபர், செவ்வாய்

இரு விரல் சோதனையை (பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்ப்பது) உச்ச நீதிமன்றம் 2013-லேயே கண்டித்தது. 2022 அக்டோபரில், செய்பவர் நடத்தைத் தவறு செய்தவர் ஆவார் என்றும் சொல்லிவிட்டது. விரல் போனாலும் வார்த்தை போகவில்லை. "உடலுறவுக்குப் பழக்கப்பட்டவர்" என்று இன்னமும் எழுதுகிறார்கள். கன்னித்திரையின் பழைய கிழிசலுக்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.

காயம் இல்லை என்றால் "காயம் இல்லை" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மிரட்டலில் உறைந்து போயிருக்கலாம், தாமதமாக வந்திருக்கலாம், குளித்திருக்கலாம். "காயம் இல்லை என்பதை மட்டும் வைத்துச் சொல்லப்பட்ட சம்பவத்தை மறுக்க இயலாது" என்று காரணத்தோடு எழுதுங்கள். காயம் இருந்தால் இடம், நீளம், அகலம், வடிவம், எந்த எலும்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர். கன்றிய நிறத்தைப் பார்த்து "இரண்டு நாள் பழசு" என்று ஜோசியம் சொல்ல வேண்டாம். லேப் ரிப்போர்ட் வரும்வரை இது இடைக்காலக் கருத்துதான்.

30 அக்டோபர், வியாழன்

இரண்டாம் நாள் மறுபடி வரச் சொல்ல வேண்டும். முதல் நாள் வெறும் வலியாக இருந்த மேல் கையில் மறுநாள் விரல் விரலாகக் கன்றித் தெரியும். அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, படிவத்தில் தேதி போட்டுச் சேர்க்க வேண்டும். பிறகு மூன்றாம், ஆறாம் வாரம். போன் நம்பர் வாங்கும்போது அது யார் கையில் இருக்கும், எந்த நேரம் கூப்பிடலாம், ஆஸ்பத்திரி என்று சொல்லலாமா என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.