சுவரைப் பார்த்துத் திரும்பிய விளக்கு

முகத்துக்கு இதமான ஒளி வேண்டும் என்று கேட்டால், கணினி அனிமேஷனில் லைட்டிங் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஏரியா லைட்டின், அதாவது பலகை போல ஒரு பரப்பு முழுக்க ஒளிரும் கணினி விளக்கின், அளவைப் பெரிதாக்குவார்கள். தவறில்லை. முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு கரையும். சூரியன் எத்தனை பிரம்மாண்டமாக இருந்தாலும் நமக்குத் தெரிவது ஏறக்குறைய அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் வெயிலில் நிழல் அவ்வளவு கூர்மை. மேகம் மூடினால் வானமே விளக்காகிவிடுகிறது.

ஆனால் எவ்வளவு பெரிதானாலும் சாதாரண ஏரியா லைட்டின் ஒளி ஒரு பக்கத்திலிருந்து, ஒரே நிறத்தில்தான் வரும். அறைக்குள் உட்கார்ந்திருப்பவரின் தாடைக்குக் கீழே இருக்கும் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து, தரையில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, அவருடைய உடையின் நிறத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. இதைக் கணினியில் கொண்டுவரத்தான் 1984-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வண்ணச் சுவர்கள் வைத்த ஒரு பெட்டியை வரைந்து பார்த்தார்கள். காட்சியின் ஒளியைக் கணக்கிட்டுப் படமாக்குவதுதான் ரெண்டரிங்; 1986-ல் ஜேம்ஸ் கஜியா எழுதிய ரெண்டரிங் சமன்பாடு அதற்கு முழுக் கணக்கையும் கொடுத்தது. ஒளிக்கதிர்கள் பட்டுத் திரும்பும் பாதைகளைத் தற்செயலாகத் தேர்ந்து பின்தொடரும் இன்றைய பாத் டிரேசிங் ரெண்டரர்கள் (படமாக்கும் மென்பொருள்கள்) எல்லாம் அந்தச் சமன்பாட்டோடுதான் மல்லுக்கட்டுகின்றன.

ஒரு பாட்டி கேரக்டருக்கு நான் செய்து பார்த்தது இதுதான்: விளக்கு ஒன்றே ஒன்று, அதுவும் பாட்டியைப் பார்க்கக் கூடாது. விளக்கைத் திருப்பி ஒரு வெள்ளைச் சுவரில் அடித்தேன். படப்பிடிப்பில் தெர்மாகோல் பிடிப்பார்களே, அதே சங்கதி. 1956-ல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்தில், ஸ்டூடியோவில் போட்ட முற்றத்துக்கு மேலே துணி கட்டி, விளக்குகளை அதில் அடித்துத் திருப்பினார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. நாங்கள் செய்வதில் புதுமை எதுவும் இல்லை.

முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது சுவரின் வெண்மை. வெள்ளை என்றதும், ஒரு பரப்பு ஒளியை எப்படித் திருப்பும் என்று சொல்லும் ஷேடரில் 1.0 (முழுவதையும் திருப்பு) கொடுக்கத் தோன்றும். அப்படிக் கொடுத்தால் சுவர் ஒளியை உள்ளே வாங்குவதே இல்லை; அறை முழுக்க ஒரே பால் வெளிச்சம். நல்ல வெள்ளைச் சுண்ணம்கூட ஏறக்குறைய 80 சதவீதம்தான் திருப்பித் தரும். 0.8 வைத்தால் நான்கு பவுன்ஸுக்கு, அதாவது ஒளி நான்கு முறை பட்டுத் திரும்பிய பிறகு, 41 சதவீதம் மிச்சம். அதே இடத்தில் 0.2 உள்ள கருஞ்சாம்பல் சுவர் என்றால் நான்கு பவுன்ஸில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான். விளக்கைத் தொடாமலேயே ஒரு முகத்தைச் சோகமாக்கவோ சாந்தமாக்கவோ இந்த ஓர் எண் போதும்.

ரெண்டரைப் பார்த்த இயக்குநர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கே" என்றார். உண்மைதான். எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் கன்ன எலும்பு எங்கே என்றே தெரியாது. இந்த இடத்தில் இன்னொரு விளக்கைச் சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காமல், காமிராவுக்கு வெளியே முகத்தின் இடப்பக்கம் ஒரு கறுப்புப் பலகையை நிறுத்தினேன். அந்தப் பக்கச் சுவரிலிருந்து வந்துகொண்டிருந்த வெளிச்சம் நின்றது; கன்னக்குழி திரும்ப வந்தது, கழுத்துச் சுருக்கங்களும் தெரிந்தன. இதமான ஒளியில் முகத்துக்கு உருவம் கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கழித்தல் வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தோல் வேறு கதை. தோலுக்குள் புகுந்த ஒளி சிதறி வேறிடத்தில் வெளிவருவதை நடைமுறைக்கு ஏற்ற வேகத்தில் கணக்கிடும் வழியை, ஹென்ரிக் வான் ஜென்சன் முதலானோர் 2001-ல் வெளியிட்டார்கள். சிவப்பு ஒளி நீலத்தைவிட ஆழமாகப் பயணிக்கும். அதனால்தான் பின்னால் விளக்கு இருந்தால் காதுமடல் சிவக்கிறது. இந்தச் சிதறல் தூரத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பது பலருக்கும் பழக்கம். கடுமையான நேரடி ஒளியில் அது அழகாகவும் இருக்கும். மென்மையான ஒளியில் ஏமாற்றிவிடும். ஒளியும் மென்மை, தோலும் மென்மை என்றால் மிஞ்சுவது மெழுகுதான். சிதறலை உண்மையான அளவுக்குக் குறைத்துவிட்டு, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் எண்ணெய்ப் பளபளப்பை ரஃப்னஸ் டெக்ஸ்சரில் (எந்த இடம் எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்லும் படத்தில்) கவனமாக வரைந்தபோதுதான் பாட்டிக்கு உயிர் வந்தது.

கண்ணும் அப்படித்தான். நேரடி விளக்கு இல்லாதபோது விழியில் பிரதிபலிப்பது ஒளிபட்ட சுவர் மட்டுமே. அது அதிக உயரத்தில் இருந்தால் இமை மறைத்துவிடும், பார்வை செத்துப்போகும். ஒளித்திட்டைச் சுவரில் கொஞ்சம் கீழே இறக்கினாலே போதும்.

அப்புறம் நாய்ஸ், படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான இரைச்சல். சுவரில் உள்ள அந்தச் சின்ன ஒளித்திட்டைக் கதிர்கள் தற்செயலாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாய்ஸைப் பாதியாக்க சாம்பிளை (ஒவ்வொரு பிக்சலுக்கும் அனுப்பும் கதிர்களின் எண்ணிக்கையை) நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இந்த முறையின் பிறவிக் குணம். நாய்ஸைத் துடைக்கும் மென்பொருளான டிநாய்சரிடம் விட்டால் அது பாட்டியின் சுருக்கங்களையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. நாங்கள் எடுத்த குறுக்குவழி: ஒளிபட்ட சுவரை மட்டும் தனியே ரெண்டர் செய்து, அந்தப் படத்தையே டெக்ஸ்சராக ஓர் ஏரியா லைட்டில் மாட்டிச் சுவர் இருந்த இடத்தில் வைத்தோம். நடுவில் பிரகாசமாகி ஓரத்தில் மங்கும் அந்தச் சரிவு கிடைத்துவிட்டது. ரெண்டர் நேரமும் வெகுவாகக் குறைந்தது. பாட்டி எழுந்து நடந்தால் அவருடைய நிழல் அந்தச் சுவரில் விழாது, அவ்வளவுதான் குறை. உட்கார்ந்தே இருக்கும் ஷாட்டுகளுக்கு இது தாராளம்.

இந்த முறையில் ஒரு தலைவலி உண்டு, அது மென்பொருளில் இல்லை. கலைப் பிரிவினர் சுவரைப் பச்சையாக்கினால் முகமும் பச்சையடிக்கும். முன்பெல்லாம் செட்டின் நிறம் மாறினால் லைட்டிங் ஆட்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். இப்போது நிறம் முடிவாகிற கூட்டத்திலேயே நாங்களும் உட்காருகிறோம். அதையும் மீறி மாறினால், காமிராவுக்குப் பச்சைச் சுவரும் முகத்துக்கு வெண்மஞ்சள் சுவருமாக இரண்டு வைத்துவிடுவேன். எந்தக் கதிர் எந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்று ரெண்டரரில் பிரித்துச் சொல்ல முடியும். யாரும் கண்டுபிடிப்பதில்லை. கேரக்டர் போய்ச் சுவரில் சாய்ந்தால் மட்டும் மாட்டிக்கொள்வோம். அதனால் ஸ்டோரிபோர்டில் சுவரில் சாய்கிற ஷாட் ஏதாவது இருக்கிறதா என்று முதலிலேயே புரட்டிப் பார்த்துவிடுகிறேன்.